தருமபுரியில் நடுகற்களின் நடுவே

தருமபுரி நகரில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பக வளாகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ள நடுகற்களை அண்மையில் ஆற அமரப் பார்த்தேன். கோயில் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை முதலில் மிக எளியவையாகத் தோன்றும். ஒரு பலகைக் கல், அதில் புடைப்பாக ஒரு வீரன், ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், காலருகே சில கற்களில் சிமிழும், மூக்குள்ள நீர்க்கலமான கிண்டியும். ஊர் ஆநிரையைக் கவர வந்தவர்களோடு பொருது மாண்ட ஒருவனுக்கு ஊரார் எடுத்த கல் இது என்று அறிந்த பின் அதைக் கடந்து செல்லக் கால் வருவதில்லை.

பல்லவர் காலக் கற்களில் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து இருக்கிறது. மன்னனின் ஆட்சியாண்டைக் கூறி, இன்னாருடைய சேவகன் தொறு (ஆநிரை) மீட்டுப் பட்டான் (மாண்டான்) என்று முடியும் அந்தச் சில வரிகளில், மன்னர் புகழ் பாடும் எந்த மெய்க்கீர்த்தியிலும் இடம்பெறாத எளிய மனிதர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. மனிதர்கள் மட்டும் ஏன்? பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், தன் தலைவன் வீழ்ந்த இடத்தில் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது.

கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை நடுகல் எடுக்கும் சடங்கைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகச் சொல்கிறது. அன்று தகடூர் எனப்பட்ட இதே தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபோது, நாடு முழுவதையும் கொடுத்தாலும் ஏற்காதவன் நடுகல்லுக்குப் படைக்கும் சிறிது கள்ளையா ஏற்பான் என்று ஔவையார் கலங்கிப் பாடியது புறநானூற்றில் 232-ஆம் பாடல். அந்த மண்ணிலேயே நின்று அதை நினைக்கையில் நெஞ்சு கனத்துப்போனது.

பிற்காலக் கற்கள் வேறு வகை. கீழ் அடுக்கில் போர், நடுவில் வீரனை மேலே அழைத்துச் செல்லும் தேவமகளிர், உச்சியில் சிவலிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருக்கும் வீரசுவர்க்கம் என்று மரணத்துக்குப் பின்னான பயணம் முழுவதும் ஒரே கல்லில் விரிகிறது.

இவை வெறும் காட்சிப்பொருள்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரிச் சிற்றூர்களில் இத்தகைய கற்கள் இன்றும் வேடியப்பன் என்னும் ஊர்த்தெய்வமாகப் பொங்கலும் படையலும் பெறுகின்றன. வழிபாடு உள்ள கற்களை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. எழுத்துகளின் மீது எண்ணெயும் சுண்ணாம்பும் படியாமல் காக்கும்படி ஊராரிடம் எடுத்துச் சொன்னால் போதும். தெய்வமும் இருக்கும், சாசனமும் இருக்கும். ஏர் உழும்போது புரண்டு, கேட்பாரற்றுக் கிடக்கும் கற்களுக்கு மட்டுமே அகழ்வைப்பகம் புகலிடமாகட்டும்.

பார்க்கச் செல்வோர் காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். உச்சி வெயிலில் எழுத்துகள் கல்லோடு கல்லாக மறைந்துவிடும். சாய்ந்த வெயிலில்தான் அவை கண்ணுக்குப் புலப்படும்.