இரண்டரை வருஷம் காக்க வைத்த டென்ட்ரோபியம்

ஒருவழியாகப் பூத்துவிட்டது. ஒரே கொத்தில் 11 பூ. 2022 பொங்கல் சமயத்தில் பூவோடு வாங்கிய டென்ட்ரோபியம் ஆர்க்கிட் செடி, மறுபடி பூக்க 2024 ஆகஸ்ட் ஆகிவிட்டது.

வாங்கும்போது நர்சரிக்காரர், "நிழல்லயே வைங்கக்கா, ஈரம் காயவே விடாதீங்க" என்றார். அப்படியே செய்தேன். மொட்டைமாடியில் வெயிலில் முக்கால் பங்கைத் தடுக்கும் 75 சதவீத ஷேட் நெட் (நிழல் வலை), தொட்டி நிறைய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), ரெண்டு வேளை தண்ணீர். இலையெல்லாம் கரும்பச்சையில் பளபளத்தது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பூ மட்டும் இல்லை. டென்ட்ரோபியத்துக்கு இலை அவ்வளவு கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் பத்தவில்லை என்று அர்த்தமாம். லேசாக மஞ்சள் ஓடிய இளம்பச்சைதான் சரி. அது தெரிய எனக்கு ஒன்றரை வருஷம்.

அதற்குள் இன்னொரு கூத்து. இலை உதிர்ந்து மொட்டையாக நின்ற மூன்று தண்டுகளைச் செத்துவிட்டது என்று வெட்டி எறிந்தேன். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. செடி தண்ணீரும் சத்தும் சேர்த்து வைப்பதே அந்தத் தண்டுகளில்தான். மொட்டைத் தண்டிலிருந்தும் பூ வரும். வைக்கோல் மாதிரி காய்ந்தால் ஒழியக் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள்.

தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேரில் பாதி கூழ். அழுகியதை வெட்டிவிட்டு, பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்தொட்டிக்கு மாற்றினேன். உள்ளே அடுப்புக்கரி, ஓட்டுச் சில்லு, ஊறவைத்துக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டுகள். மண் ஒரு பிடிகூட வேண்டாம். வேர் வெள்ளி நிறமானால் தண்ணீர். பச்சையாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அப்புறமும் வேர்நுனி கருகியது. கரித்துண்டுகள் மேல் வெள்ளையாக உப்பு. எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 900! சென்னையில் இதுதான் பெரிய வில்லன். மழைத் தண்ணீரை ரெண்டு டிரம்மில் பிடித்து வைத்தேன். கோடையில் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். அதில் சத்து எதுவும் இருக்காது என்பதால் வாரம் ஒருமுறை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள உரம்), லிட்டருக்கு ஒரு கிராம்.

2023 டிசம்பரில் நெட்டை 50 சதவீதத்துக்கு மாற்றினேன். இதை ஏப்ரலில் செய்தால் இலை வெந்துவிடும்.

மார்ச்சில் ஒரு தண்டின் கணுவில் மொட்டு மாதிரி ஒன்று கிளம்பியது. வீட்டில் எல்லோரையும் மாடிக்கு இழுத்துக் காட்டினேன். பத்து நாளில் அதில் இலை விட்டது. குட்டிச் செடி! தண்ணீரையும் நைட்ரஜனையும் அள்ளிக் கொடுத்தால் பூ வர வேண்டிய இடத்தில் இப்படிக் குட்டி வருமாம். உரத்தைப் பாதியாகக் குறைத்தேன்.

ஜூனில் நிஜமாகவே பூந்தண்டு வந்தது. விரல் நீளம் வளர்ந்ததும் ஒரே ராத்திரியில் நத்தை நுனியைத் தின்றுவிட்டது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த தண்டு வந்ததும் அடியில் பஞ்சைச் சுற்றிவிட்டு, ராத்திரி டார்ச்சோடு காவல் இருந்தேன். அதுதான் இந்த 11 பூ.

கூடவே வாங்கிய ஃபெலனாப்சிஸ் என்ற இன்னொரு வகை ஆர்க்கிட் முதல் மே மாதத்தையே தாண்டவில்லை. நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி அழுகிவிட்டது. அது பூந்தண்டு விட சில வாரம் ராத்திரிக் குளுமை வேண்டும். சென்னையில் மார்கழி, தை விட்டால் அதற்கு வழியில்லை. வெயில் ஊரில் மாடிக்கு என்றால் டென்ட்ரோபியமே வாங்குங்கள்.

பூவைப் பார்த்த மாடிவீட்டு அக்கா, "என்ன உரம் போட்ட?" என்றார். "உரம் இல்லக்கா, நெட்டை மாத்தினேன், தண்ணிய மாத்தினேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, ரெண்டு படி இறங்கித் திரும்பி, "பேரை மட்டும் சொல்லேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.