தனியாக வாசி, கேட்கிறேன்

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, "ஆறாம் வகுப்பில் யாருக்கெல்லாம் வாசிக்க வராது?" என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் பத்துப் பெயர் வந்துவிடும். மார்க் கம்மியாக வாங்குபவன், அடிக்கடி லீவு போடுபவன், கடைசி பெஞ்சில் சேட்டை பண்ணுபவன் என்று எல்லாரும் கலந்த பட்டியல் அது. அந்தப் பட்டியலை நான் நம்புவதில்லை. அதில் இருக்கும் சிலர் நன்றாகவே வாசிப்பார்கள், எழுதத்தான் சோம்பல். வாசிக்கவே வராத சிலர் அதில் இருக்கவே மாட்டார்கள். கரும்பலகையைப் பார்த்து மணிமணியாக எழுதிக்கொண்டு, வாயைத் திறக்காமல் முதல் வரிசையில் இருப்பார்கள்.

நான் அறிவியல் வாத்தியார். தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அதற்கு முன் சில வருடம் தேன்கனிக்கோட்டைப் பக்கம். வாசிப்பெல்லாம் தமிழாசிரியர் பாடு, நமக்கென்ன என்று இருந்துவிடலாம்தான். ஆனால் அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் 'பயன்படுத்தப்படுகின்றன' என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அந்த ஒரு சொல்லையே தாண்ட முடியாத பிள்ளைக்கு 'விசையும் இயக்கமும்' நடத்தி என்ன ஆகப் போகிறது?

நம் வகுப்புகளில் வாசிப்பு என்றாலே கூட்டு வாசிப்புதான். ஆசிரியர் ஒரு வரி சொல்ல, நாற்பது பேரும் ராகமாகத் திருப்பிச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கூட "உங்க பசங்க நல்லா படிக்கிறாங்க சார்" என்பார். வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது. பக்கத்தில் போய் நின்று பார்த்தால் தெரியும். அவன் வாய் மற்றவர்களைவிட அரை நொடி பிந்தி அசையும். ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்துக்குத்தான் அவன் குரல் வந்து சேரும். விரல் மட்டும் புத்தகத்தில் அழகாக நகர்ந்துகொண்டிருக்கும், ஒரு வரி மேலே.

அதனால் ஜூனில் பள்ளி திறந்ததும் ஒவ்வொருவரையும் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்பதுதான் என் முதல் வேலை. வகுப்பில் எழுப்பி நிறுத்தி அல்ல, அது தண்டனை. சாப்பாடு முடிந்து மணி அடிப்பதற்கு முன் இருக்கும் நேரம், நூலகப் பாடவேளை, வராந்தா ஓரம் என்று ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேர். கையில் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் ஒரு பத்தி. இதில் புதுமை ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் வருகிறதா என்று பார்க்கும் ஏசர் (ASER) கணக்கெடுப்புக்காரர்கள் 2005இல் இருந்து ஊர் ஊராகப் போய் இதைத்தான் செய்கிறார்கள். எழுத்து, சொல், பத்தி, கதை என்று வைத்துக்கொண்டு, பிள்ளை எதுவரை வருகிறது என்று தனியாக உட்கார வைத்துப் பார்ப்பார்கள். வெளியாட்கள் வீடு தேடிப் போய்ச் செய்வதை, தினமும் பிள்ளைகளோடு இருக்கும் நாம் பள்ளிக்குள் செய்வதில்லை என்பதுதான் வேடிக்கை.

2024 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்த செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவர்கள் ஒன்றாம் வகுப்பின் கடைசியில் இருந்தார்கள். தொடக்கப் பள்ளிகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. அதற்குள் அவர்கள் மூன்றாம் வகுப்பு. உயிர்மெய் கையில் படிய வேண்டிய இரண்டாம் வகுப்பை அவர்கள் வகுப்பறையில் பார்க்கவே இல்லை. 2022 ஜூனில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் சரிசெய்ய அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது, ஆனால் ஒன்று முதல் மூன்று வரைக்கும். இவர்கள் நான்குக்குப் போயிருந்தார்கள். மறுவருடம் அது நான்கு, ஐந்துக்கும் வந்தபோது இவர்கள் ஐந்தாம் வகுப்பில், அந்தப் பள்ளியை விட்டே கிளம்பும் நேரம். நடுவில், ஊருக்குள்ளேயே மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்த 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்கள் சில ஊர்களில் தாங்கிப் பிடித்தார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியோடு இருந்த பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரிதான், 68.5 சதவீதம். பாட்டி புத்தகத்தை எடுத்துவைத்துச் சொல்லிக் கொடுப்பாள் என்று எந்தத் தைரியத்தில் எதிர்பார்ப்பது?

அந்த செட்டில் ஒரு பையன். 'காடு' என்று இருந்தால் 'கரடு' என்பான். 'கொடி' அவனுக்கு 'கெரடி'. பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அவன் குருட்டாம்போக்கில் அடித்துவிடவில்லை, கண்ணில் பட்டதைப் பட்ட வரிசையில் ஒழுங்காகச் சொல்கிறான். துணைக்காலும் 'ர'வும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான். ஒற்றைக்கொம்பு, க, அப்புறம் ஒரு 'ர' என்று போனால் கெரடிதானே வரும்? தமிழில் கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். 'கொ'வில் அந்த ஒலி மெய்யை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு நிற்கும். மூன்று வடிவத்தையும் ஒரே பார்வையில் ஒன்றாக எடுக்க வேண்டும். நமக்கு இதெல்லாம் எப்போதோ பழகிப் போனதால் கஷ்டமாகவே தெரிவதில்லை.

இவ்வளவுக்கும் அவன் க, கா, கி, கீ என்று முழு வரிசையையும் பாட்டாக ஒப்பிப்பான். அட்டவணையில் 'கொ'வைத் தொட்டு இது என்ன என்றால், வாய்க்குள் க-விலிருந்து ஆரம்பித்து ஓடி வந்துதான் சொல்வான். 247 எழுத்தையும் ஒப்பிக்கத் தெரிவது வேறு, ஓர் எழுத்தைத் தனியாகச் சந்தித்தால் அடையாளம் தெரிவது வேறு. நான் வரிசையையே விட்டுவிட்டேன். ஒரு மெய்யை அட்டையில் எழுதி, கொம்பையும் காலையும் சிவப்பு மையில் தனித்தனித் துண்டுகளாக வெட்டி வைத்து, மாற்றி மாற்றி ஒட்டி வாசிக்கச் சொன்னேன். சிவப்பாக இருந்தால் அது 'ர' இல்லை, கால். பிறகு சிவப்பைக் கறுப்பாக்கினோம். அதுதான் கஷ்டமாக இருந்தது, நாள் பிடித்தது.

இதற்கிடையில் ஒரு நாள், பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் எப்படி சரியான பஸ்ஸில் ஏறுகிறாய் என்று கேட்டேன்.

"முதல் எழுத்து சுழிச்சிருந்தா ஓசூரு சார். ரொம்ப நீளமா இருந்தா பாப்பாரப்பட்டி."

"மாரண்டஅள்ளியும் நீளம்தானேடா?"

"அதுல நடுவுல ஒரு அ இருக்கும் சார்."

எனக்குப் பேச்சே வரவில்லை. மந்தம் என்று மூன்று ஆசிரியர்கள் சொன்ன பையன் இவன். வாசிக்காமலே பிழைக்க இவ்வளவு மூளையைச் செலவழிக்கிறான். அன்றிலிருந்து அவனுக்கு வீட்டுப்பாடம் பஸ் போர்டுகள். பார்த்த ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டு வந்து, எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். அள்ளியில் முடியும் ஊர்கள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம் என்பதால் பாதிப் பெயர் சுலபமாகக் கிடைத்துவிடும்.

இன்னொருவன் வரியைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தான். கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். கண்ணாடி வந்தது. பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. கற்றல் குறைபாடு, சிறப்பாசிரியர் என்று போவதற்கு முன் கண்ணையும் காதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எழுத்து தெரிந்தும் கூட்டிக் கூட்டி வாசிப்பவர்கள் வேறு ரகம். வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். அவர்களிடம் புதுப் புதுப் பாடமாகக் கொடுப்பதில் பயனில்லை. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும், நாக்கு தடுக்காமல் போகும் வரை. ஆனால் எட்டாம் வகுப்புப் பையன் கையில் குழந்தைகள் புத்தகத்தைக் கொடுத்தால் மானம் போய்விடுகிறது. அதற்கு ஒரு வழி செய்தோம். பக்கத்திலேயே தொடக்கப் பள்ளி. அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் வந்தன இல்லையா, அதில் 'நுழை' புத்தகம் ஒன்றைக் கொடுத்து, வெள்ளிக்கிழமை குட்டிப் பசங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், தடுக்கினால் அவர்கள் சிரிப்பார்கள் என்றேன். வியாழக்கிழமை வரை அவனாகவே வாசித்துப் பார்த்தான்.

இனி வருவதுதான் எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது. சரளமாக வாசிப்பார்கள், ஒன்றும் புரிந்திருக்காது. இதற்கு நம் முறையும் ஒரு காரணம். பாடம் முடிந்ததும், "இந்த வரியிலிருந்து இந்த வரி வரைக்கும் அடைப்புக்குறி போட்டு மூணுன்னு எழுதிக்கோ" என்கிறோம். பிள்ளை கேள்வியையும் வாசிப்பதில்லை, பதிலையும் வாசிப்பதில்லை. மூன்றாம் கேள்விக்கு மூன்றாம் அடைப்பு, அவ்வளவுதான்.

ஒருமுறை கரும்பலகையில் இப்படி எழுதினேன்: 'மடூரன் நேற்றுக் கிசலியில் தொம்பினான். மடூரன் எங்கே தொம்பினான்?' வகுப்பே ஒரே குரலில், "கிசலியில்!" முழு மார்க். சரி, தொம்புவது என்றால் என்ன என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "அது அடுத்த பாடத்துல வரும் சார்" என்றான். அர்த்தமே இல்லாத வாக்கியத்துக்குக்கூட நம் பிள்ளைகள் சரியான பதில் எழுதிவிடுவார்கள். அதைத்தான் நாம் திருத்தி டிக் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அறிவியல் புத்தகத்தின் வாக்கியம் பிள்ளை வீட்டில் கேட்கும் பேச்சு மாதிரி இருக்காது. 'ஓரலகு காலத்தில் ஒரு பொருள் கடந்த தொலைவு வேகம் எனப்படும்.' இதை ஒரே மூச்சில் வாசித்தால் 'தொலைவு வேகம்' என்று ஏதோ ஒரு பொருள் இருப்பதாகப் பிள்ளை நினைத்துக்கொள்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் பென்சிலால் கோடு போடச் சொல்வேன்: ஓரலகு காலத்தில் / ஒரு பொருள் கடந்த தொலைவு / வேகம் எனப்படும். 'எனப்படும்' வந்தால் பின்னாலிருந்து பிடி, அதற்கு முன்னால் இருப்பது பெயர், அதற்கும் முன்னால் இருப்பதெல்லாம் விளக்கம். அப்புறம், "ஒரு மணி நேரத்துல பஸ்ஸு எவ்ளோ தூரம் போச்சோ அதான் வேகம்" என்று அவர்கள் பேச்சில் சொல்லச் சொல்வேன். பேச்சில் சொல்ல முடிந்த பிள்ளைக்குத்தான் புரிந்திருக்கிறது என்று கணக்கு.

விஷயம் முன்பே தெரிந்திருந்தால் வாசிப்பு எவ்வளவு சுலபமாகிறது என்பதையும் இங்கே பார்த்தேன். பட்டுப்புழு பற்றி ஒரு பகுதி. வழக்கமாகத் திணறும் ஒருத்தி, தோலுரித்தல் வரும் இடத்தில் தானாகவே நிறுத்தி, "அப்ப இலை போடக் கூடாது சார், தின்னாது" என்றாள். வீட்டில் புழு வளர்க்கிறார்கள், மல்பெரித் தோட்டம் உண்டு, கூட்டைத் தருமபுரி ஏல அங்காடிக்கு அப்பாவோடு கொண்டுபோயிருக்கிறாள். கூடு கட்டுவதற்காகப் புழுவை விடும் தட்டான சந்திரிகையில் அது எப்படிக் கூடு கட்டும் என்று புத்தகத்தில் இல்லாததையும் சொன்னாள். அதே பிள்ளை துறைமுகம் பற்றிய பத்தியில் அப்படியே நின்றுவிட்டாள். கப்பலை எங்கே பார்த்தாள்? அதனால் பாடத்தை வாசிக்கச் சொல்வதற்கு முன் அதைப் பற்றிப் பத்து நிமிஷம் சும்மா பேசுவது நேர விரயம் இல்லை.

"போர்ஷன் எப்ப சார் முடிப்பீங்க?" என்பது நியாயமான கேள்விதான், ஆய்வுக்கு வருபவர்கள் அதைத்தான் கேட்பார்கள். 2025இல் 'திறன்' என்று ஆறாம் வகுப்புக்கு மேலேயும் அடிப்படைப் பயிற்சி வந்தபின், இதற்கென்று ஒதுக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கிறது. நோட்டு, தேர்வு, பதிவேற்றம் என்று அதற்கும் வேலை இருக்கிறது, அது வேறு கதை.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண், வகுப்பு லீடர். வீட்டில் தெலுங்கு. தமிழை அட்சரம் பிசகாமல், ழகரம்கூடச் சுத்தமாக வாசிப்பாள். காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிப்பவள் அவள்தான். எந்த ஆசிரியரின் பட்டியலிலும் அவள் பெயர் இருந்ததில்லை. தனியாக வாசிக்கக் கேட்டு, "என்ன சொல்லியிருக்கு, சொல்லும்மா" என்றபோது, கடைசி வரியை அப்படியே திருப்பிச் சொன்னாள். வேறு மாதிரி சொல் என்றால் கடைசிக்கு முந்தின வரி. தேன்கனிக்கோட்டையில் பொறுக்கிய கொஞ்சம் தெலுங்கில் நான் கேட்டதும் சிரித்துவிட்டு, தோழியைப் பார்த்தாள். அந்தத் தோழி வீட்டிலும் தெலுங்குதான். வாசித்ததை முதலில் அவளிடம் தெலுங்கில் சொல், அப்புறம் என்னிடம் தமிழில் சொல் என்றேன். தெலுங்கில் சொல்லும்போதுதான் எந்தச் சொல் தெரியவில்லை என்று அவளுக்கே தெரிகிறது, நடுவில் நின்று புத்தகத்தைத் திரும்பப் பார்க்கிறாள். மெதுவாகத்தான் போகிறது. இன்னும் சமூக அறிவியலில் இரண்டு பக்கத்தைத் தாண்டினால் பழையபடி மனப்பாடம்தான்.

அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பு. அ, ஆ என்று பிரிப்பார்கள். சமூக அறிவியல் எடுக்கும் டீச்சருக்குத் தெலுங்கு தெரியாது, ஆனால் வாசித்த பிறகு ஐந்து நிமிஷம் பேசவிடச் சம்மதித்திருக்கிறார். இரண்டு பேரையும் ஒரே பிரிவில் போடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். ஜூனில் பட்டியல் போடும்போது பார்க்கலாம் என்றார்.