முழங்கால் தண்ணீருக்கு எந்த மோட்டார்? காவேரிப்பாக்கம் ஏரியில் இரு பயணங்கள்

வேலூரிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் பேருந்தில் ஏறி, ராணிப்பேட்டையையும் வாலாஜாவையும் தாண்டி ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்றால் காவேரிப்பாக்கம் வந்துவிடும். அங்கே மீன் பிடிக்கும் சங்கம் ஒன்றின் கணக்கு வழக்குகளை என் பள்ளித் தோழர் பார்த்து வருகிறார். பம்பு செட், பவர் டில்லர் என்ஜின்களோடு முப்பது ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்பதால் படகு மோட்டாரைப் பற்றியும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் தவறாக நினைத்துக்கொண்டதுதான் இந்தப் பயணங்களுக்குக் காரணம். சங்கத்திடம் தட்டையடி கொண்ட 14 அடி ஃபைபர் படகு ஒன்று இருந்தது. துடுப்பாலும் கழியாலும் தள்ளிக்கொண்டிருந்த அந்தப் படகுக்கு மோட்டார் வைக்க அனுமதியும் பெற்றிருந்தார்கள். படகின் பின்முனையில் வெளிப்புறமாக மாட்டும் அவுட்போர்டு மோட்டார், பழைய 9.9 குதிரைத்திறன் கொண்டது ஒன்று, குறைந்த விலைக்கு வந்தது. அதே வேளையில், சேற்றிலும் ஓடும் என்று சொல்லப்பட்ட லாங் டெயில் மட் மோட்டார் ஒன்றையும் யாரோ காட்டியிருந்தார்கள். எதை வாங்குவது என்று சொல்ல வேண்டியது என் வேலை.

தை மாதத்தில் முதல் முறை சென்றபோது ஏரி நிறைந்து கிடந்தது. பழைய வட ஆர்க்காட்டின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்றான இதற்கு, வாலாஜாவுக்கு அருகில் பாலாற்றின் குறுக்கே உள்ள அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் காலத்து ஏரி என்று ஊரில் பெருமையாகச் சொல்லுவார்கள். எனக்கு அந்தப் பெருமையைவிட, அத்தனை நூற்றாண்டுகளாகத் தண்ணீரோடு வந்து படிந்த வண்டல்தான் முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் படகு மோட்டார் கடைசியில் சண்டை போட வேண்டியது அதனோடுதான்.

நம் ஏரிகளின் அமைப்பை அறியாமல் மோட்டாரைத் தேர்ந்தெடுக்க முடியாது. மதகுகள் இருக்கும் கரைப்பக்கம் ஆழமாக இருக்கும். அங்கிருந்து உள்வாய்ப் பக்கம் போகப் போகத் தரை மெல்ல உயர்ந்து, இடுப்பளவு முழங்காலளவாகி, முழங்காலளவு கணுக்காலளவாகி, எங்கே நீர் முடிந்தது, எங்கே சேறு தொடங்கியது என்று சொல்ல முடியாத இடத்தில் ஏரி நின்றுவிடும். அதற்குள் கருவேல மரங்களின் அடிக்கட்டைகள், வண்டல் எடுத்த பள்ளங்கள், வேலம்பாசி, ஆகாயத்தாமரை, யாரோ போட்டுவிட்டு மறந்துபோன நைலான் வலைகள் எல்லாம் இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரி சித்திரை வைகாசிக்குள் எவ்வளவு சுருங்கும் என்பது அந்த ஆண்டுப் பாசனத்தைப் பொறுத்தது.

என்னோடு படகில் ஏறிய பெரியவர், மோட்டாரைப் பார்த்துக்கூடப் பேசாமல் தண்ணீரைப் பார்த்தே சொன்னார்: "இப்ப தண்ணி கீது சார், எதப் போட்டாலும் ஓடும். சித்திரைல வாங்க, அப்பத் தெரியும்."

அன்று பார்த்தது அவுட்போர்டு. படகின் பின்முனையான அமரத்தில் மாட்டி, கயிற்றை இரண்டு முறை இழுத்ததும் புறப்பட்டது. கரையோர ஆழத்தில் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புகையும் சத்தமும் பெரும்பாலும் நீருக்குள்ளேயே போய்விடுவதால் படகில் இருப்பவர்கள் குரல் உயர்த்தாமல் பேச முடிந்தது. நியூட்ரல், ரிவர்ஸ் இரண்டும் இருந்தன. கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினால் படகு திரும்பியது. 1909இல் ஓலே எவின்ரூட் தம் மோட்டாரை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியதிலிருந்து நூறாண்டுகளுக்கு மேல் செதுக்கப்பட்டு வந்த பொருள் அது என்பது ஓட்டும் கைக்குத் தெரிகிறது.

உள்வாய்ப் பக்கம் திருப்பிய பிறகுதான் கணக்கு மாறியது. கணக்கு என்று சொல்வது உவமைக்காக அல்ல. மூன்று பேர் ஏறிய எங்கள் படகு 15 செ.மீ. அளவுக்குத் தண்ணீரில் அமிழ்ந்திருந்தது. படகின் அடிக்குக் கீழே, படகைத் தள்ளும் விசிறியான அவுட்போர்டின் புரொப்பல்லரும் அதற்கடியில் உள்ள துடுப்பு போன்ற முனையும் இன்னும் 30 செ.மீ. வரை தொங்கும், தரையைத் தொடாமல் இருக்க 15 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். எல்லாம் சேர்த்தால் 60 செ.மீ.க்குக் குறைந்த நீரில் அது நிம்மதியாக ஓடாது. ஆழம் குறைந்த நீருக்கென்று மோட்டாரைச் சற்றுத் தூக்கி நிறுத்தும் வசதி பல அவுட்போர்டுகளில் உண்டு என்றாலும், அதனால் கிடைப்பது நாலைந்து விரற்கடைதான்.

ஆனால் ஆழத்தைவிட ஒரு படி மேலான சிக்கல் வேறு இருக்கிறது என்பதை அரை மணி நேரத்துக்குள் தெரிந்துகொண்டோம். அவுட்போர்டு தான் ஓடும் தண்ணீரையே குடித்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் எந்திரம். நீருக்குள் இருக்கும் அதன் கீழ்ப்பகுதியில் சல்லடைக் கண்கள் போன்ற சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர் தண்ணீரை உறிஞ்சி, என்ஜினைச் சுற்றி அனுப்பி, வெளியே தள்ளுகிறது. அதில் ஒரு மெல்லிய தாரை பின்பக்கம் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அவுட்போர்டு ஓட்டுபவர் முன்னால் பார்ப்பதைவிட அந்தத் தாரையைத்தான் அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டும். தொடையளவு நீரில் புரொப்பல்லர் வண்டலைக் கலக்கத் தொடங்கியதும் எங்கள் தாரை காபி நிறமாகி, நூலாக மெலிந்து, நின்றே போனது. என்ஜினை உடனே அணைத்துவிட்டோம். தூக்கிப் பார்த்தால் துளைகளை வேலம்பாசியும் சேறும் அடைத்திருந்தன. பெரியவர் கரைக்கு இறங்கிப் போய் ஈர்க்குச்சி கொண்டுவந்து ஒவ்வொரு கண்ணாகக் குத்திச் சுத்தம் செய்த பிறகு, கழியால் தள்ளிக்கொண்டே ஆழத்துக்குத் திரும்பினோம்.

மறுநாள் கீழ்ப்பகுதியைப் பிரித்தபோது இம்பெல்லரின் இதழ் ஒன்று பிய்ந்திருந்தது, மற்றவற்றின் ஓரங்கள் உப்புத்தாளில் தேய்த்தது போல் மழுங்கியிருந்தன. ரப்பர் இம்பெல்லர் விலையுயர்ந்த பொருள் அல்ல; ஆனால் அதற்காக சென்னை ராயபுரம் வரை ஆள் போக வேண்டியிருந்தது. ஒரு மோட்டாரின் உண்மையான விலை அதைப் பழுது பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்ற என் பம்பு செட் காலத்து எண்ணம் அன்று இன்னும் உறுதிப்பட்டது.

சித்திரையில் இரண்டாவது பயணம். பெரியவர் சொன்னது போலவே ஏரி வேறாகிவிட்டது. தையில் படகு கட்டியிருந்த இடத்தில் மாடுகள் மேய்ந்தன. தண்ணீரின் விளிம்பு வரை நடந்து செல்லவே வெடித்த வண்டலைத் தாண்டி நெடுந்தூரம் போக வேண்டியிருந்தது. அங்கே லாங் டெயில் மோட்டாரோடு படகு காத்திருந்தது.

இந்த மோட்டாரில் புதுமை எதுவும் இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. 196 சி.சி. கொள்ளளவும் 6.5 குதிரைத்திறனும் கொண்ட, காற்றால் குளிரும் சாதாரணப் பெட்ரோல் என்ஜின். வாலாஜாவில் களை எடுக்கும் எந்திரத்திலும் தண்ணீர் இறைக்கும் பம்பிலும் தினமும் பார்க்கும் வகைதான். அதன் தண்டோடு ஆறடி அளவுக்கு ஒரு குழாய், குழாய்க்குள் சுழலும் இரும்புத் தண்டு, அதன் முனையில் சிறிய புரொப்பல்லர். முழுவதும் அமரத்தில் ஒரு முளையின் மேல் நிற்கிறது. ஓட்டுபவர் கைப்பிடியை அழுத்தினால் பின்முனை மேலே எழும், விட்டால் இறங்கும். தாய்லாந்தின் ஆறுகளில் மோட்டார் என்ஜினுக்கு நீண்ட வால் கட்டி ஓட்டும் வழக்கம் பழையது. அமெரிக்காவின் லூசியானாச் சதுப்புகளுக்காக 1977இல் கோ-டெவில் என்ற பெயரில் இவ்வகை மோட்டார்கள் விற்பனைக்கு வந்தன. அவ்வளவு தூரம் போவானேன், நம் சோழமண்டலக் கரையில் ஃபைபர் படகுகளை அலைக்குள் தள்ளி ஓட்டும் மீனவர்களின் டீசல் என்ஜினும் நீண்ட வாலுடையதுதான். மணலில் ஏறும்போது புரொப்பல்லரைச் சட்டென்று தூக்கிவிடலாம் என்பதே அங்கும் காரணம்.

என்ஜின் குளிர்வதற்குத் தண்ணீர் தேவையில்லை என்ற ஒரே காரணத்தால் சேறு இங்கே எதிரி அல்ல. முழங்காலளவு நீரில் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஓடியது. அதற்கும் கீழே, படகின் அடி வண்டலை உரசத் தொடங்கிய இடத்திலும் புரொப்பல்லர் சேற்றைப் பின்னால் வாரி இறைத்துக்கொண்டு படகை நகர்த்தியது. ஒரு கருவேலக் கட்டையில் மோதியபோது வால் தானாக எழும்பி அதைத் தாண்டி மறுபக்கம் விழுந்தது. அவுட்போர்டாக இருந்திருந்தால் புரொப்பல்லர் ஊசியோ கீழ்முனையோ உடைந்திருக்கும். நைலான் வலை சுற்றிக்கொண்டபோது வாலைப் படகுக்குள்ளேயே இழுத்து வைத்து, மடியில் போட்டுக் கத்தரிப்பது போல வெட்டி எடுத்தார் பெரியவர்.

இவ்வளவு சொன்ன பிறகு அதன் குறைகளையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. முதலாவது சத்தம். காதுக்கு மூன்றடி தூரத்தில் கரும்புச் சாறு எந்திரம் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்வாயில் மேய்ந்த நாரைகளும் நீர்க்காகங்களும் நாங்கள் கால் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே எழுந்து போய்விட்டன. பறவை பார்க்கப் படகேறுபவர்கள் இதை வாங்கவே கூடாது என்பது என் முடிவு. இரண்டாவது, என்ஜின் ஓடும்வரை புரொப்பல்லரும் சுற்றும். நியூட்ரலும் இல்லை, ரிவர்ஸும் இல்லை, நிறுத்த வேண்டுமானால் வாலைத் தண்ணீருக்கு மேலே தூக்க வேண்டும், அப்போது பின்னால் யாரும் நிற்கக்கூடாது. திரும்புவதற்கு ஆறடி வாலை எதிர்ப்பக்கம் வீச வேண்டும் என்பதால் இரண்டு மணி நேரத்தில் என் வலது தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஆழமான நீரில் அவுட்போர்டின் வேகத்தில் பாதிகூட இதனிடம் இல்லை.

நடுவில் ஒருமுறை காரணமே தெரியாமல் என்ஜின் நின்றது. நல்ல வேளையாக இது எனக்குத் தெரிந்த நோய். இவ்வகை என்ஜின்களில் எண்ணெய் குறைந்தால் தானாக அணைந்துவிடும் பாதுகாப்பு உண்டு. என்ஜின் அதிகமாகச் சாய்ந்து நின்றாலும், எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி, குறைந்துவிட்டதாக அந்த உணர்கருவி நினைத்துக்கொள்ளும். வாலை உயரத் தூக்கிப் பிடித்தே நெடுநேரம் ஓட்டியதால் வந்த வினை. மோட்டார் நிற்கும் முளையின் உயரத்தை இரண்டு அங்குலம் மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்தார் வாலாஜாவில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர். அதற்குப் பிறகு நிற்கவில்லை. வாலின் கடைசியில் சுழலும் தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷுக்கு நாள்தோறும் கிரீஸ் அடிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டல் அதை அரைத்துத் தின்றுவிடும். ஆனாலும் இவை எல்லாம் ஊருக்குள்ளேயே தீரும் வேலைகள்.

இந்த இரண்டுக்கும் நடுவே வேறு வழி உண்டா என்று தோழர் கேட்டார். ஜெட் அவுட்போர்டு என்று ஒன்று இருக்கிறது. புரொப்பல்லர் இல்லாமல் தண்ணீரை உறிஞ்சிப் பீய்ச்சி ஓடும். என்ஜின் தரும் திறனில் ஏறத்தாழ 30 விழுக்காடு அதில் போய்விடும் என்பதோடு, பாறையும் கூழாங்கல்லும் கிடக்கும் தெளிந்த ஆற்றுக்கு ஏற்ற அது நம் பாசியைக் குடித்தால் அடைத்துக்கொள்ளும். சர்ஃபேஸ் டிரைவ் என்னும் குட்டை வால் மட் மோட்டார் வேகமானது, சிலவற்றில் ரிவர்ஸும் உண்டு. ஆனால் எடையும் விலையும் எங்கள் 14 அடி ஃபைபர் படகுக்கும் சங்கத்தின் பணப்பெட்டிக்கும் தாங்காது.

ஆகவே நான் சொன்னது இதுதான்: மீன் சேகரிப்பதும் வலை காப்பதும் ஏரி சுருங்கும் மாதங்களில்தான் அதிகம் என்பதால் லாங் டெயிலை வாங்குங்கள். ஆனால் ஆழம் இருக்கும் மாதங்களில் அதன் சத்தத்தைச் சகித்துக்கொண்டு ஊர்ந்து போவதும் மடமை; 2021 நவம்பரில் பாலாற்றில் வந்தது போல வெள்ளம் வந்தால் நீரோட்டத்தை எதிர்த்துப் போக அவுட்போர்டுதான் வேண்டும்; கையில் இருக்கும் வாய்ப்பை விடாமல், புது இம்பெல்லர் போட்ட அந்தப் பழையதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் அதன் காலை முக்கிச் சிறிது நேரம் ஓடவிட்டு, வண்டலைக் கழுவி வைக்க வேண்டும் என்றும் சொல்லி வந்தேன்.

ஐப்பசியில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பெரியவரின் துடுப்பைப் பார்த்தேன். அடியிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடும், அதற்குக் கீழே ஒரு சாண் அளவில் வெள்ளைக் கோடும் போட்டிருந்தார். துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தார். நனைந்த தடம் சிவப்புக் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது. "இன்னும் பத்து நாள் போவணும் சார்," என்று சொல்லிவிட்டு, லாங் டெயிலின் கிரீஸ் துப்பாக்கியை எடுக்கப் போனார்.