கைது செய்யப்பட்டான், கைது செய்யப்பட்டார்

மொரிஷியஸில் டிசம்பர் என்றால் லிச்சிக் காலம். வீட்டு மரங்களுக்கு வௌவால் வலை போர்த்தி, பழம் பழுத்த வாரத்தில் இரவும் கண்விழித்திருப்பார்கள். அந்த மாதத்தில் லிச்சித் திருட்டுச் செய்தி வராத வாரம் குறைவு. வானொலியின் தமிழ்ச் செய்திப் பிரிவில் நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, அப்படி ஒரு செய்தி என் மேசைக்கு வந்தது. தெற்கே ஒரு கிராமம், 19 வயது இளைஞர், இரண்டு கூடை லிச்சி. பிரெஞ்சில் மொத்தம் நாலு வரி.

அதே அறிக்கையில், மோசடிப் புகாரின் பேரில் ஒரு நிறுவனத்தின் இயக்குநரைப் போலீசார் விசாரித்த செய்தியும் இருந்தது. இரண்டையும் பத்து நிமிடத்தில் தமிழாக்கி ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். அந்த இளைஞருக்குப் பெரியம்மா முறை. கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் அவருடையது. கேட்டால் எல்லாம் புரியும், பேசுவதற்குத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான் வரும். சத்தம் போடவில்லை, நிதானமாகத்தான் கேட்டார். "மிஸ், நான் பிரெஞ்சு நியூஸும் கேட்டேன், கிரியோல் நியூஸும் கேட்டேன். லாபோலிஸ் இன் அரெத் லி. அவ்வளவுதான் சொன்னார்கள். போலீஸ் பிடித்தது, சரி. நம்ம தமிழ் நியூஸில் மட்டும் எங்கள் வீட்டுப் பிள்ளை 'அவன்' ஆகிவிட்டான். அந்த டைரக்டர் 'அவர்'. எதனால் மிஸ்?"

அந்தப் பிள்ளையை அன்று காலையே போலீசார் விட்டுவிட்டார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். வேறு யாரோ செய்த திருட்டு.

ஃபோனை வைத்துவிட்டு முந்தின நாள் ஸ்கிரிப்டை எடுத்துப் பார்த்தேன். 'கைது செய்யப்பட்டான்.' அதற்கு ஆறு வரி கீழே, 'விசாரிக்கப்பட்டார்.' அப்படி எழுதச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. யோசித்தும் எழுதவில்லை. கை தானாக எழுதியிருந்தது. கூடையைத் தூக்கியவருக்கு ஒரு விகுதி, கோப்பைத் தூக்கியவருக்கு ஒரு விகுதி. அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

எங்கள் கிரியோலில் படர்க்கை ஒருமைக்கு 'லி' என்ற ஒரே சொல்தான். அவன், அவள், அவர், அது எல்லாமே லி. மந்திரியும் லி, சந்தையில் மீன் விற்கும் அம்மாவும் லி. நேருக்கு நேர் பேசும்போது 'தோ' என்றும் 'ஊ' என்றும் வேறுபாடு உண்டு. இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசும்போது கிடையாது. தமிழில் அந்த வசதி இல்லை. வினையை முடிக்க வேண்டுமானால், பேசப்படுகிறவரை எந்தப் படியில் நிறுத்துகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். செய்தி எழுதுகிறவர் கருத்துச் சொல்லக் கூடாது என்று பயிற்சியில் நூறு முறை சொல்வார்கள். தமிழில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி எழுத்திலும் ஒரு கருத்து உட்கார்ந்திருக்கிறது. 'போலீசார்' என்ற சொல்லைப் பாருங்கள். அதில் 'ஆர்' பெயரிலேயே வந்துவிடுகிறது. பிடிபட்டவருக்கு மட்டும் நாம் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஒருவரைப் பன்மையில் சொல்லி உயர்த்துவது வழக்கினால் வந்தது, இலக்கண முறைப்படி வந்ததல்ல என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே சொல்லிவிட்டார். மொக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் படித்த காலத்தில் அதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். அந்த ஃபோனுக்குப் பிறகுதான் அதன் பொருள் எனக்குப் புரிந்தது. வழக்கு கொடுத்த மரியாதை என்றால், அதை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதையும் வழக்கில் இருக்கிற நாம்தான் முடிவு செய்கிறோம். பழி இலக்கணத்தின் மேல் விழாது.

இந்த மரியாதைப் படிகள் எனக்குத் தாய்மடியில் வந்தவையும் அல்ல. எங்கள் வீட்டில் கிரியோல்தான். முருங்கை 'முரும்' ஆகி, கறிவேப்பிலை 'கரிபுலே' ஆகி, ரசம் 'ரசோன்' ஆகி எங்கள் அடுப்படியில் இன்றும் இருக்கின்றன. பெயர்ச்சொற்கள் கடல் கடந்து வந்து பிழைத்துக்கொண்டன; வினைமுற்றுகள் பிழைக்கவில்லை. நான் 'ஆன்', 'ஆர்' எல்லாம் கற்றது பள்ளிக்கூடத்திலும், பிறகு தமிழ்நாட்டில் படித்த மூன்று ஆண்டுகளிலும். அங்கே விடுதி வாசலில் கிடக்கும் நாளிதழ்கள்தான் எனக்குச் செய்தித் தமிழின் பாடநூல். ஆசாமி சிக்கினான், போலீசார் மடக்கிப் பிடித்தனர், பெண் பரிதாபச் சாவு, மர்ம நபர்கள் கைவரிசை. மொழி நன்றாக வரவேண்டுமே என்ற ஆசையில் அவற்றை எல்லாம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். மொழியோடு சேர்த்து எதைக் கற்றுக்கொண்டு வந்தேன் என்பது லிச்சிச் செய்தியில் தெரிந்தது.

எங்கள் ஆசிரியர் ஐயாவிடம் போய், இனிமேல் எல்லாருக்கும் 'ஆர்' என்று விதி வைத்துக்கொள்வோம் என்று கேட்டேன். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர், என்னை மகளைப் போல நடத்துகிறவர். "தீர்ப்பு வரும்வரைக்கும் சரி அம்மா. அதற்குப் பிறகுமா? குழந்தையைக் கொன்றவரை 'அவர்' என்று நான் மைக்கில் சொன்னால், கேட்கிறவர்கள் வானொலியை அணைத்துவிட மாட்டார்களா?" என்றார். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. தீர்ப்பு வரும்வரை என்பதோடு ஒத்துக்கொண்டு வந்தேன்.

அப்படி ஒரு வழக்கில் தீர்ப்பு வந்த நாளும் வந்தது. தண்டனை பெற்றவரைப் பற்றி எழுதும்போது என் கையும் 'ஆன்' என்றுதான் போனது. இருந்தாலும் 'ஆர்' என்று எழுதி ஐயாவிடம் நீட்டினேன். கேட்பவரின் கோபம் கேட்பவருடையது. அதை அவர் சார்பில் நாம் பல்லைக் கடித்துச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. செய்த கொடுமையை விவரம் குறையாமல் சொன்னால் போதும், விகுதி ஏசத் தேவையில்லை. இதுதான் என் வாதம். ஐயா வெகுநேரம் தாளைப் பார்த்தார். பிறகு அப்படியே வாசித்தார். அவர் மனம் ஒப்பி வாசித்தாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டு நேயர்கள் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களில் இருந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் விதியை மாற்றவில்லை.

'ஆன்' என்பதே இழிவு என்று நினைத்துவிடக் கூடாது. தைப்பூசக் காவடி அன்று, பொது விடுமுறை விட்ட தீவில், வெயிலில் கால் சுடச்சுட நடக்கிறவர்கள் "முருகன் காப்பாத்துவான்" என்றுதான் சொல்கிறார்கள். இறந்துபோன குழந்தையை 'சிறுவன் உயிரிழந்தான்' என்று எழுதும்போது அதில் மடியில் வைத்துக்கொள்ளும் நெருக்கம் இருக்கிறது. தெய்வத்துக்கும் குழந்தைக்கும் திருடருக்கும் ஒரே விகுதி. முதல் இரண்டு பேரையும் நாம் அருகில் இழுக்கிறோம், மூன்றாமவரைக் கீழே தள்ளுகிறோம். மொழிபெயர்ப்பு மென்பொருள் இப்போது எங்கள் அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. இந்த இடத்தில் அது தடுமாறாத நாள் இல்லை.

வேறு சில சொற்களோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மனைவியைக் கணவர் கொன்றால் இங்கே பிரெஞ்சில் 'திராம் பாசியோனெல்' என்று தலைப்பு வரும். காதல் வேகத்தால் நேர்ந்த சோகம் என்பது போன்ற பொருள். அதைத் தமிழாக்கப் போனால் நாளிதழ்த் தமிழ் 'கள்ளக்காதல் தகராறு' என்று எடுத்துக் கொடுக்கும். இரண்டுமே கொன்றவர் பக்கம் நின்று காரணம் சொல்கிற சொற்கள். இறந்த பெண்ணால் இனிப் பேச முடியாது, அவருடைய நடத்தையைப் பற்றிய சந்தேகம் மட்டும் தலைப்பில் ஏறிவிடுகிறது. 'கணவர் மனைவியைக் கொன்றார்' என்று எழுதினேன். தலைப்பு சப்பென்று இருக்கிறது என்றார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

2020இல் வகாஷியோ வந்தது. ஜப்பானிய நிறுவனத்தின் அந்தச் சரக்குக் கப்பல் ஜூலை 25 அன்று புவாந்த் தெஸ்னி கரைக்கு எதிரே பவளப்பாறையில் ஏறி நின்றது. தமிழில் 'தரைதட்டியது' என்று அழகான கடலோரச் சொல் இருக்கிறது, அதையே எழுதினோம். ஆனால் அந்த வாக்கியத்தில் எழுவாய் கப்பல். யாரும் ஓட்டாமல், யாரும் பார்க்காமல் தானே வந்து தட்டியது போல. அதற்குப் பொறுப்பான மனிதர்கள் உண்டு என்று சொல்ல நீதிமன்றம் வேண்டியிருந்தது; 2021 டிசம்பரில் கப்பல் தலைவருக்கும் அவருடைய துணை அதிகாரிக்கும் 20 மாதச் சிறை விதித்தார்கள்.

ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் வெளியே வரத் தொடங்கியது. 'எண்ணெய்க் கசிவு' என்று எழுதினேன், தமிழில் அதுதான் நிலைத்துவிட்ட சொல். இரண்டு நாள் கழித்து மாஹேபூர்க் போனேன். கடற்கரைத் தெருவில் இறங்கும்போதே வாடை மூக்கில் ஏறி, தலை கனத்தது. நீலமாக இருந்த காயல் கருங்குழம்பாகக் கரையை நக்கிக்கொண்டிருந்தது. ஊர்ச் சனங்கள் வரிசையாக உட்கார்ந்து துணிப்பைகளில் கரும்புச் சோகையைத் திணித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவற்றை மாலை போலக் கோத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு எண்ணெயைத் தடுக்கப் பார்த்தார்கள். மிதப்புக்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்கள். என் வயதுப் பெண் ஒருவர் கோணி ஊசியைக் கையில் பிடித்தபடி, முழங்கை வரை கறுத்து, நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்.

கசிவு என்பது பானையில் வருவது. கூரையில் வருவது. கண்ணில் கசிந்தால் அதைப் பக்தி என்கிறோம். ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்ததற்கு அது பெயரா? பிரெஞ்சில் 'மாரே நுவார்' என்றார்கள், கரிய கடல்பெருக்கு. அவர்கள் சொல்லில் நான் பார்த்த காட்சி இருந்தது. என் சொல்லில் இல்லை. திரும்பி வந்த இரவு, 'கப்பலிலிருந்து எண்ணெய் கடலில் கொட்டியது' என்று மாற்றினேன். கொட்டியது என்பதிலும் தானாகக் கொட்டிய தொனி இருக்கிறது, தெரியும். அன்று எனக்குக் கிடைத்தது அதுவரைதான்.

நவம்பர் 2 எங்களுக்கு விடுமுறை. 1834இல் அதே நாளில் அட்லஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 தொழிலாளர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அதன் பின் ஏறத்தாழ 5 லட்சம் பேர் வந்தார்கள், அவர்கள் ஏறிய படிகள் போர்ட் லூயியில் 'ஆப்ரவாசி காட்' என்ற பழைய இறங்குதுறையில் இன்றும் இருக்கின்றன. அந்த நாளைத் தமிழில் 'ஒப்பந்தத் தொழிலாளர் வருகை நாள்' என்று எழுதுகிறோம். வருகை என்பது விருந்தாளிக்குச் சொல்வது. ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் ஒப்பியிருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் தாளில் வைத்த அடையாளத்தை ஒப்புதல் என்று நான் எப்படி எழுதுவேன்? ஏமாற்றிக் கூட்டிவரப்பட்டவர்கள் உண்டு, பஞ்சத்துக்குப் பயந்து தாங்களாகவே கப்பலேறியவர்களும் உண்டு. 'வந்தார்கள்' என்றால் முதல் கூட்டம் மறைகிறது, 'கொண்டுவரப்பட்டார்கள்' என்றால் இரண்டாம் கூட்டத்தின் துணிச்சல் மறைகிறது. ஒவ்வொரு ஆண்டும் அந்த ஒரு வாக்கியத்தில் அரை மணி நேரம் போகிறது. இன்னும் எனக்கு நிறைவாக அமையவில்லை.

போன மாதம், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு செய்தியோடு என் மேசைக்கு வந்தார். கடைத் திருட்டு, பிடிபட்டது 14 வயதுப் பையன். "அக்கா, குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆர் என்று சொன்னீர்கள். குழந்தைக்கு ஆன் என்றும் சொன்னீர்கள். இதற்கு எது?" என்று கேட்டார். 'சிறுவர் கைது செய்யப்பட்டார்' என்று எழுதிப் பார்த்தோம், காதில் ஒட்டவில்லை. 'சிறுவன் கைது செய்யப்பட்டான்' என்று எழுதினோம், பழைய ஸ்கிரிப்ட் என் கண்முன் வந்து நின்றது. அறிக்கைக்கு ஆறு நிமிடம் இருந்தது. அந்தப் பெரியம்மா ஃபோனில் சொன்ன வாக்கியம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. லாபோலிஸ் இன் அரெத் லி. அதில் பிடித்தவர்தான் எழுவாய். பிடிபட்டவருக்கு விகுதியே வேண்டாம்.

'14 வயதுச் சிறுவன் ஒருவனை' என்று தொடங்கிய தம்பி, 'ஒருவனை' என்பதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்: "கடையில் திருடியதாக வந்த புகாரின் பேரில், 14 வயதுச் சிறுவனைப் போலீசார் காவலில் வைத்துள்ளனர்." தாளை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினார்.