இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

குடியாத்தம் சுற்றுவட்டாரக் கிராமங்களில், படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீடு தேடிச் சென்று பார்க்கும் நோய் ஆதரவுச் செவிலியராகப் பணிபுரிகிறேன். பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியவரைப் புரட்டிப் பார்த்தபோது, வால் எலும்பின் மேல் உள்ளங்கையளவு படுக்கைப்புண் இருந்தது. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடச் சொன்னேனேம்மா" என்று அவர் மனைவியைக் கடிந்துகொண்டேன். "பகல்ல திருப்பிடறேன் சிஸ்டர், ராவுலதான் எப்பக் கண்ணசந்து பூடறேன்னு தெரில" என்றார். அவர் மடியில் பீடி முறம் இருந்தது. பேசும்போதும் விரல்கள் இலையைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டே இருந்தன. நான் சொன்ன கணக்குப்படி அவர் ஓர் இரவில் நான்கு முறையாவது எழ வேண்டும், அதுவும் மூன்று ஆண்டுகளாக. எத்தனையோ வீடுகளில் இந்த அறிவுரையைச் சொன்ன எனக்கு, அதைச் செய்பவர் எப்போது உறங்குவார் என்ற கேள்வி அன்றுதான் எழுந்தது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் வாசலுக்கே வருகின்றன. அது சிறிய காரியமன்று என்பதை, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை வரை ஆட்டோ பேசி நோயாளியைத் தூக்கிச் சென்றவர்கள் அறிவார்கள். அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி தருவது பற்றி 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பேசுகிறது. பணம் வேண்டியதுதான், ஆனால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஆளைப் புரட்டிப் போட அதற்குக் கையில்லை. குடும்பத்தார் சற்று இளைப்பாறும்படி நோயாளியைச் சில காலம் ஏற்றுப் பராமரிக்கும் 'சமர்த்' என்ற திட்டம் நடுவண் அரசின் தேசிய அறக்கட்டளையிடம் உண்டு. அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே உரியது. அந்தப் பட்டியலில் பக்கவாதம் இல்லை.

வட்டத் தலைமையிடத்து அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இதற்கென்றே இரண்டு கட்டில்களை ஒதுக்கி, மாதம் மூன்று நாள் நோயாளியை அரசே பார்த்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். மகளின் பிரசவத்துக்குப் போய் நிற்கவும், தன் உடம்பைக் காட்டி மருந்து வாங்கவும், ஒன்றும் செய்யாமல் உறங்கவும் அந்த மூன்று நாள் உதவும்.

சென்ற மாதம் போனபோது, புண்ணுக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் அந்த அம்மாவின் கையிலும் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினேன். 170/100 காட்டியது. கணவரின் அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் அவர் பெயர் போட்டு எழுதிவைத்தேன்.