தகடும் எண்ணும்

கண்காட்சிகளில் படங்களை மாட்டுவதும், விளக்கக் குறிப்பு எழுதுவதும், வருபவர்களுக்குச் சுற்றிக்காட்டுவதும் என் பணி. காலனி ஆட்சி ராமநாதபுரம் கடற்கரை மக்களின் அடையாளத்தில் விட்டுச்சென்ற தடங்களைப் பற்றிய பதிப்போவியக் (தகட்டில் செதுக்கித் தாளில் அச்செடுக்கும் ஓவியம்) கண்காட்சி ஒன்றில், அந்தக் கடற்கரையிலேயே பணிபுரிந்தபோதுதான், அச்சும் அந்த ஆட்சியின் கையில் இருந்த ஒரு கருவி என்பது எனக்கு உறைத்தது.

அச்சுக்கும் இந்தக் கடலோரத்துக்கும் தொடர்பு பழையது. முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த ஏசு சபைத் துறவி ஹென்றிக்கே ஹென்றிக்கஸின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சேறியது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது அதுதான். பிற்பாடு 1790-களில் தமிழகத்தைச் சுற்றி வரைந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் லண்டனில் வெளியிட்ட அச்சோவியங்களில், கோபுரமும் கோட்டையும் நுணுக்கமாக இருக்கும். நம் மனிதர்களோ கட்டடத்தின் உயரத்தைக் காட்டுவதற்காக நிறுத்தப்பட்டவர்கள் போலத்தான் எனக்குத் தெரிகிறார்கள்.

கண்காட்சியில் அதிக நேரம் மக்களை நிறுத்தியது, தகரச் சீட்டை வைத்துச் செய்த படம். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்கள் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தங்கவைக்கப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்த பிறகே கடல் கடக்க அனுமதிக்கப்பட்டார்கள். அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளியை அடையாளம் காண எண் பொறித்த தகரச் சீட்டு கழுத்தில் தொங்கியது. (அதே மண்டபத்தில் பின்னாளில் இலங்கை அகதிகள் முகாம் அமைந்ததை விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டுமா என்று நெடுநேரம் விவாதித்தோம், ஒரே வரியாகச் சேர்த்தோம்.)

ஓவியர் அந்தச் சீட்டின் வட்ட வடிவிலேயே தாமிரத் தகட்டை வெட்டி, மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டிருந்தார். அச்செடுத்த தாளில் மையின் கருமையைவிட, தகட்டின் விளிம்பு அழுந்தி உண்டாக்கிய பள்ளமே முதலில் கண்ணில் படும். விரலால் தடவிப் பார்க்க எல்லோருக்கும் தோன்றியது. அந்தப் பள்ளத்துக்குக் கீழே, பதிப்போவியர்களின் வழக்கப்படி, பென்சிலால் ‘7/20’ என்று எழுதியிருந்தது. பாம்பனிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அதைக் காட்டி, “தம்பி, இது அந்த ஆளோட நம்பரா?” என்று கேட்டார். இருபது பிரதிகளில் ஏழாவது என்று விளக்கினேன். “அப்ப இவருக்கும் ஒரு நம்பர் போட்டு வச்சிருக்கீங்க” என்றார். கோபமில்லை, கணக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அவர் சொன்னதை ஓவியரிடம் தெரிவித்தபோது, எண்ணும் கையெழுத்தும் படத்தின் ஒரு பகுதியே, அட்டைச் சட்டத்துக்குள் மறைக்கச் சம்மதிக்க முடியாது என்றார். அவர் சொன்னதில் நியாயமிருந்தது. மறைத்தால் காட்சி நேர்த்தியாகுமே தவிர, கேள்வி போய்விடாது. ஆனால் பிரதிகள் அச்சான பின் குறுக்கே கோடு கீறி முடக்கப்பட்ட தாமிரத் தகட்டைப் படத்துக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன்; தகட்டை யாருக்கும் காட்டும் வழக்கமில்லை என்று சற்று முரண்டு பிடித்துவிட்டு ஒப்புக்கொண்டார். உப்புக்காற்றில் தாமிரம் பச்சை பூக்கும் என்பதால், கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தோம். தகட்டில் கீறிய சீட்டு எண் இடவலம் மாறியிருப்பதால், வருபவர்கள் குனிந்து, முதலில் தகட்டையும் பிறகு படத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். படத்தின் முன் நின்று பேசியதைவிடத் தகட்டின் முன் நின்று தங்கள் வீட்டுக் கதையைப் பேசியவர்களே அதிகம். யாருடைய பாட்டனார் எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்பதில் தொடங்கிவிடுவார்கள். அடுத்த ஊரில் இந்தப் படங்களை மாட்டும்போது, தகட்டுக்கே முதல் இடம் கொடுத்து, படத்தை அதன் பின்னால் வைக்கும்படி வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஓவியர் இன்னும் பதில் சொல்லவில்லை.