கதவைத் தட்டாத வேலை

சிறு தொழிலில் பெரும்பாலான வேலைகள் தாமாகவே வந்து கதவைத் தட்டும். சரக்கு வந்தால் வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார். வரி கட்டும் தேதி நெருங்கினால் கணக்குப் பார்ப்பவர் கூப்பிடுவார். டெலிவரி தாமதமானால் வாடிக்கையாளர் சத்தம் போடுவார். விற்பனை மட்டும் தட்டாது. இன்று நீங்கள் பேசாமல் விட்ட ஆள், "ஏன் கூப்பிடவில்லை" என்று நாளைக்கு வந்து கேட்கப் போவதில்லை. சத்தமில்லாமல் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்ற கணக்கில் முதலாளியின் நாள் ஓடுகிறது. விற்பனை அழாத பிள்ளை.

இதைச் சோம்பல் என்று சொல்வது தவறு. 12 மணி நேரம் ஓடியாடுகிற ஆளுக்கும் விற்பனைக்கென்று 20 நிமிடம் போயிருக்காது. தட்டாத வேலையைத் தட்ட வைக்க ஏற்பாடு செய்யவில்லை, அவ்வளவுதான்.

முதலில் எது விற்பனை வேலை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். வாங்கக்கூடிய ஒருவரோ, வாங்கலாம் என்று முடிவு சொல்லக்கூடிய ஒருவரோ நீங்கள் ஏதாவது சொல்லக் கேட்டிருக்கிறாரா? அவர் "சரி" அல்லது "வேண்டாம்" என்று சொல்ல வாய்ப்பு இருந்ததா? இருந்தால் அது விற்பனை. லோகோவின் நிறத்தை மாற்றுவது, விசிட்டிங் கார்டு அச்சடிப்பது, இணையதளத்தில் படங்களை இடம் மாற்றுவது எல்லாம் ஆயத்த வேலை. தேவைதான். ஆனால் யாரும் நம்மை மறுக்க முடியாத வேலை என்பதால் மனம் அதன் பக்கமே சாயும். "மார்க்கெட்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று கழிந்த பல மணி நேரங்கள் இந்த ரகம்.

அடுத்து, எத்தனை பேரிடம் பேச வேண்டும் என்ற கணக்கு. இதைப் பின்னாலிருந்து போட வேண்டும். மாதம் 8 புது ஆர்டர் தேவை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கொடுக்கும் 4 கொட்டேஷனில் (எழுத்தில் தரும் விலை விவரத்தில்) 1 ஆர்டராகிறது என்றால் 32 கொட்டேஷன் வேண்டும். இரண்டு பேரிடம் உருப்படியாகப் பேசினால் ஒருவர் விலை கேட்கிறார் என்றால் 64 பேச்சு. மாதத்தில் 22 வேலை நாள் என்றால் ஒரு நாளைக்கு 3 பேச்சு. அழைக்கிற எல்லோரும் எடுப்பதில்லை, எடுத்தாலும் எல்லோருக்கும் நேரம் இருப்பதில்லை. ஆகவே 3 பேச்சு நடக்க 10 பேரையாவது முயல வேண்டியிருக்கும். இந்த விகிதங்கள் உதாரணம் மட்டுமே. உங்களுடையது வேண்டுமானால் கடந்த 3 மாதக் கொட்டேஷன் நகல்களை எடுத்து எண்ணுங்கள், ஒரு மணி நேர வேலை. "மாதம் இவ்வளவு விற்க வேண்டும்" என்ற இலக்கை வைத்துக்கொண்டு காலையில் எதையும் செய்ய முடியாது. "இன்று 10 பெயர்" என்றால் செய்ய முடியும்.

அந்த 10 பெயரை முதல் நாள் மாலையே எழுதிவிட வேண்டும். பெயர், எண், கடைசியாக என்ன பேசினோம் என்று ஒரு வரி, இப்போது என்ன கேட்கப் போகிறோம் என்று ஒரு வரி. காலையில் உட்கார்ந்து யாரைக் கூப்பிடலாம் என்று தேட ஆரம்பித்தால் இரண்டு கெடுதல். தேடுவதிலேயே கால்வாசி நேரம் போய்விடும். அதோடு, இனிமையாகப் பேசுகிறவர்களாகப் பார்த்துத்தான் கை எண்ணை அழுத்தும். அவர்கள் நல்லவர்கள், ஆனால் வாங்க மாட்டார்கள். வரிசையில் முதலில் கொட்டேஷன் போயிருக்கிறவர்கள், பிறகு பழைய வாடிக்கையாளர்கள், கடைசியில் புதியவர்கள். பணத்துக்கு அருகில் இருப்பவரை முதலில் தொட வேண்டும். கடைசியில் வருபவர்கள் தினமும் விடுபட்டுப் போகாதபடி 10-ல் 3 இடமாவது புதியவர்களுக்கென்று ஒதுக்குங்கள்.

நேரம் 90 நிமிடம், ஒரே துண்டாக. எந்த 90 நிமிடம் என்பதை வாடிக்கையாளரின் ஓய்வை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், நம்முடையதை வைத்து அல்ல. கடைக்காரர்களுக்குச் சரக்கு கொடுப்பவர் கடை திறக்கும் நேரத்திலும் மாலைக் கூட்டத்திலும் அழைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். கட்டட வேலை எடுப்பவர்களை ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில் பிடிக்க முடியாது. அலுவலகங்களில் வந்தவுடன் யாரும் பேசுவதில்லை. வாடிக்கையாளர் நேரில் நுழையும் கடை என்றால் கூட்டம் குறைந்த நேரமே உங்கள் 90 நிமிடம். அதை மொத்த ஆர்டருக்கும் பழைய வாடிக்கையாளருக்கும் கொடுக்கலாம். உள்ளே வரும் அழைப்புகளை அந்த நேரத்தில் வேறு ஒருவர் எடுக்கட்டும். தனி ஆளாக நடத்துகிறீர்கள் என்றால் "11:30-க்கு அழைக்கிறேன்" என்று ஒரு குறுஞ்செய்தி தானாகப் போகும்படி வைத்தால் போதும். 90 நிமிடம் காத்திருக்க முடியாத விஷயம் உண்மையிலேயே மிகக் குறைவு.

இனிதான் பலரும் சறுக்கும் இடம்: கொட்டேஷனுக்குப் பிறகு. விலையை அனுப்பிவிட்டால் விற்பனை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வருகிறது. பிறகு அது கிணற்றில் போட்ட கல்தான். அனுப்புவதற்கு முன்பே அடுத்த பேச்சின் தேதியை வாங்கிவிட வேண்டும்: "இன்று மாலை அனுப்பிவிடுகிறேன் சார். வியாழக்கிழமை 11 மணிக்குக் கூப்பிடட்டுமா?" அவரே ஒப்புக்கொண்ட நேரம் என்பதால் அந்த அழைப்பு தொந்தரவாகத் தெரியாது. இன்னொன்றையும் அப்போதே கேட்டுவிடலாம்: "இதை உங்களோடு சேர்ந்து வேறு யாராவது பார்க்க வேண்டியிருக்குமா?" முடிவெடுப்பவர் வேறொருவர் என்று கடைசியில் தெரியவந்தால் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

தேதி வாங்க முடியாமல் போனால் 2, 5, 12, 25-ஆம் நாள் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு அழைப்பிலும் கையில் புதிதாக ஒன்று இருக்க வேண்டும்: அவர் கேட்ட சந்தேகத்துக்குப் பதில், ஒரு சாம்பிள், சரக்கு வரும் தேதி. "சும்மா கேட்கலாம் என்று கூப்பிட்டேன்" என்றால் சும்மா ஒரு பதில்தான் வரும். கொட்டேஷனில் "இந்த விலை 15 நாள் வரை செல்லும்" என்று போடுங்கள். மூலப்பொருள் விலை ஏறினால் நீங்கள் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள் என்பது ஒன்று. 12-ஆம் நாள் அழைக்க நியாயமான காரணம் கிடைக்கிறது என்பது மற்றொன்று. 25-ஆம் நாளும் பதில் இல்லையென்றால் கடைசிச் செய்தி: "இந்த கொட்டேஷனை மூடி வைக்கிறேன். தேவைப்படும்போது சொல்லுங்கள், அன்றைய விலை தருகிறேன்." இதற்குக் கோபம் கலக்காத தொனி வேண்டும். வாரக்கணக்கில் பேசாதவர்களில் சிலர் இந்தச் செய்திக்குத்தான் வாய் திறப்பார்கள்.

இதையெல்லாம் எழுத ஒரு நோட்டு போதும். பெயர், என்ன தேவை, தோராயத் தொகை, அடுத்து செய்ய வேண்டியது, அதற்கான தேதி என்று ஐந்து பத்தி. கடைசிப் பத்தி காலியாக இருந்தால் அந்த வரி செத்துவிட்டது என்று பொருள். தேதி போடுங்கள் அல்லது அடித்துவிடுங்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும் பெயர்கள் 60-க்குள் இருக்கும்வரை மென்பொருள் வாங்குவது, என் கருத்தில், விற்பனையைத் தள்ளிப்போட இன்னொரு நாகரிகமான வழி.

வாரக் கடைசியில் மூன்று எண்களைப் பாருங்கள்: பேச்சு, கொட்டேஷன், ஆர்டர். பேச்சே குறைந்திருந்தால் உங்கள் 90 நிமிடத்தை யாரோ தின்றிருக்கிறார்கள். பேச்சு சரியாக இருந்து கொட்டேஷன் குறைந்தால், தேவையே இல்லாத ஆட்களிடம் பேசியிருக்கிறீர்கள் அல்லது தேவையைக் கேட்பதற்கு முன் உங்கள் பெருமையை ஆரம்பித்திருக்கிறீர்கள். கொட்டேஷன் நிறையப் போய் ஆர்டர் வரவில்லையென்றால் உடனே விலையைக் குறைக்கக் கை துடிக்கும். பொறுங்கள். முதலில் தொடர்ந்து பேசினீர்களா, முடிவெடுக்கும் ஆளிடம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். விலை என்பது வாடிக்கையாளர் சொல்வதற்கு மிக எளிதான காரணம். உண்மைக் காரணம் பல சமயம் வேறு.

தள்ளுபடியின் கணக்கு கொடூரமானது. விற்பனை விலை 100, அடக்கம் 70 என்றால் ஒரு உருப்படியில் 30 நிற்கிறது. 10 சதவீதம் குறைத்தால் 20 தான் நிற்கும். முன்பு 100 உருப்படியில் எடுத்ததை எடுக்க இப்போது 150 விற்க வேண்டும். அடக்கம் 80 என்றால் இரண்டு மடங்கு. விற்பனை இரட்டிப்பானால் பேக்கிங், டெலிவரி, புகார் எல்லாம் கூடவே ஏறி, நாளைய 90 நிமிடத்தை விழுங்கும். குறைத்தே ஆக வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றைத் திருப்பி வாங்குங்கள்: முழு முன்பணம், பெரிய அளவு, அல்லது உங்களுக்கு வசதியான டெலிவரி தேதி.

பழைய வாடிக்கையாளர்கள் விஷயத்தில் ஒரே ஒரு பழக்கம். ஒவ்வொருவரும் எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்குகிறார் என்று பார்த்து, அதில் ஒன்றரை மடங்கு கடந்தவர்களை வாரம் ஒருமுறை பட்டியலிடுங்கள். 30 நாளுக்கு ஒருமுறை வாங்குபவர் 45-ஆம் நாளும் வரவில்லையென்றால் அழைக்க வேண்டும். அதிருப்தி அடைந்தவர்களில் பலர் புகார் சொல்வதில்லை, நின்றுவிடுவார்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஒழுங்கு உடைவது ஆர்டர் குவியும் மாதத்தில்தான். அதைப் புரிந்துகொள்ள உங்கள் விற்பனைச் சுற்று எத்தனை நாள் என்று தெரிய வேண்டும். கடைசி 15 ஆர்டர்களை எடுங்கள். முதல் பேச்சின் தேதிக்கும் முன்பணம் வந்த தேதிக்கும் இடையிலான நாட்களைக் குறித்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, 8-ஆவது எண்ணைப் பாருங்கள். சராசரி எடுத்தால் 6 மாதம் இழுத்த ஒரு ஆர்டர் கணக்கையே கெடுத்துவிடும். அந்த எண் 40 என்றால், இந்த வாரம் பேசாமல் விட்டதன் வெற்றிடம் ஆறாவது வாரத்தில் தெரியும். அதுவரை எல்லாம் நன்றாக நடப்பதாகவே தோன்றும். இன்று கல்லாவில் விழுவது ஒன்றரை மாதத்துக்கு முன் பேசிய பேச்சு. ஆகவே வேலை நெருக்கும் மாதத்தில் 90-ஐ 30 ஆக்குங்கள், 10 பெயரை 4 ஆக்குங்கள், பூஜ்யமாக்காதீர்கள். "டெலிவரி தேதி அடுத்த மாதம்தான் தர முடியும்" என்று சொல்லிக்கொண்டே ஆர்டர் எடுக்கலாம், அதில் தவறில்லை.

பாக்கி வசூல் அழைப்புகளை மட்டும் இந்த நேரத்தில் கலக்காதீர்கள். பணம் கேட்டுவிட்டு வந்த குரலில் அடுத்தவரிடம் பொருள் விற்க முடியாது. அதற்குப் பிற்பகலில் தனி அரைமணி வைத்துக்கொள்ளலாம். கெடு தாண்டிப் பாக்கி வைத்திருப்பவரின் பெயர், எவ்வளவு பெரிய ஆர்டர் தருவதாகச் சொன்னாலும், பணம் வந்து சேரும்வரை மாலையில் எழுதும் 10 பெயர்களில் வரக்கூடாது.